நீர் வடித்த பீட் நிலத்தில் மரக்கன்று: அண்டைச் செடிகள் காக்கின்றனவா, கெடுக்கின்றனவா? கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்ட பீட் நிலம் (மக்காத தாவரம் படிந்து உருவான சதுப்பு) ஒன்றில் முட்டி போட்டு உட்கார்ந்து பாருங்கள். கோரைக் குத்து ஒன்றின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பைன் கன்று நிற்கும். இரண்டடி தள்ளிக் கறுப்பாக வெறும் பீட். அங்கே ஒன்றுமே இல்லை. ‘கோரைதான் கன்றைக் காப்பாற்றியிருக்கிறது’ என்று உடனே குறிப்பேட்டில் எழுதத் தோன்றும். அது சரியாக இருக்கலாம். ஆனால் கோரை நிற்கும் இடம் கொஞ்சம் மேடு, அதனால்தான் கன்று பிழைத்தது என்றும் இருக்கலாம். காற்றில் வந்த விதை கோரைத் தாள்களில் சிக்கி அங்கே மட்டும் விழுந்திருக்கலாம். இவ்வளவும் போக, இன்னும் ஐந்து வருடத்தில் அதே கோரை அந்தக் கன்றை நெருக்கி ஒடுக்கியும் விடலாம்.

இந்த நான்கையும் எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. சதுப்பு மீட்புப் பணியில் இருப்பவர்கள், காடு வளர்ப்பவர்கள், சூழலியல் படிப்பவர்கள் மூவருக்கும் களத்தில் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான். முடிவில் என்ன செய்வது என்பதில் மட்டும் பாதை பிரியும்.

பீட் என்பது பல ஆயிரம் வருடங்களாக நீரில் ஊறியே இருந்ததால் முழுதாக மக்காமல் படிந்துபோன தாவரக் குவியல். வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தாலே பெரிது. உலகின் நிலப்பரப்பில் 3 சதவீதம்தான் இது. ஆனால் மண்ணில் இருக்கும் கார்பனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதற்குள் இருக்கிறது. நீரை வடித்தால் காற்று உள்ளே போகும், பீட் மக்கத் தொடங்கும், தரை அமுங்கும். கூடவே, அதுவரை வேர் அழுகிச் செத்துக்கொண்டிருந்த மரக்கன்றுகளுக்குக் கதவு திறக்கும். பின்லாந்தில் காடு வளர்ப்பதற்காகவே பீட் நிலங்களில் பாதிக்கு மேல் வாய்க்கால் வெட்டினார்கள். பெரும்பகுதி வேலை 1960-களிலும் 70-களிலும் நடந்தது. கனடாவின் கியூபெக்கிலும் அயர்லாந்திலும் பீட்டையே வெட்டி எடுத்தார்கள். கைவிட்ட பின் அந்த வெட்டுநிலங்களில் பிர்ச் மரம் தானாக வந்து ஏறியது.

படி 1: முதலில் நீர்மட்டம், அப்புறம் செடி

செடிகளைப் பார்ப்பதற்கு முன் நீரைப் பாருங்கள். ஒரே அண்டைச் செடி நனைந்த இடத்தில் ஒரு மாதிரியும் காய்ந்த இடத்தில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். நெடுகத் துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைப் பீட்டுக்குள் செங்குத்தாக இறக்கி, உள்ளே நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளந்தால் போதும். வாய்க்கால் ஓரத்தில் ஒன்று, இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவில் ஒன்று, இடைப்பட்ட தூரத்தில் ஒன்று எனக் குறைந்தது மூன்று குழாய்கள் வையுங்கள். வாய்க்கால் அருகில் நீர்மட்டம் கீழே இறங்கி, நடுவில் மேலே ஏறியிருக்கும். கன்றுகள் வாய்க்காலை ஒட்டி வரிசையாக நிற்பதற்கு அக்கம்பக்கத்துச் செடியை விட இதுவே முதல் காரணமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பீட் தரை நிலையானது அல்ல. நனைந்தால் உப்பும், காய்ந்தால் இறங்கும். குழாயின் மேல்விளிம்பிலிருந்து அளந்துவிட்டு, விளிம்புக்கும் தரைக்கும் உள்ள தூரத்தையும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் ஒரு வருடப் பதிவை வீணாக்குவது எளிது.

பீட்டின் ஆழம், அமிலத்தன்மை, மேல்பரப்பு எவ்வளவு மக்கியிருக்கிறது என்பதையும் குறியுங்கள். மழைநீரை மட்டும் நம்பி வளர்ந்த பீட் கடும் அமிலம். பிஎச் நாலைச் சுற்றியே இருக்கும். பாஸ்பரஸும் பொட்டாசியமும் அதில் பஞ்சம். நைட்ரஜன் நிறைய இருந்தாலும் பெரும்பகுதி செடிக்கு எட்டாத வடிவில் பூட்டிக் கிடக்கும். இந்தப் பஞ்சம்தான் பின்னால் வேர்ச் சண்டையாக வெளிப்படும்.

படி 2: விதை எங்கிருந்து வருகிறது?

சுற்றியுள்ள தாவரங்கள் என்றால் கன்றின் காலடியில் இருப்பவை மட்டுமல்ல. அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் காட்டின் ஓரமும் அதில் சேர்த்தி. அங்கே எந்த மரம் நிற்கிறதோ அதுதான் இங்கே வரும்.

பிர்ச் விதை ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. இருபுறமும் மெல்லிய இறக்கை வேறு. கோடை முடிவிலிருந்து குளிர்காலம் வரை உதிர்ந்துகொண்டே இருக்கும். இறுகிய பனியின் மேல் விழுந்தால் காற்று அதை வெகுதூரம் சறுக்கிக்கொண்டு போகும். ஸ்காட்ஸ் பைன் விதை நாலைந்து மில்லிகிராம் கனக்கும், வசந்தத்தில் கூம்பு விரியும்போது விழும், பெரும்பாலும் தாய்மரத்தை விட்டு அதிக தூரம் போகாது. அதனால் பரந்த பீட் நிலத்தின் நடுவில் பிர்ச் மட்டும் வந்திருப்பதும், ஓரத்தில் பைனும் கலந்திருப்பதும் வழக்கம். இதைப் பார்த்து ‘நடுவில் உள்ள பாசி பைனை விரட்டுகிறது’ என்று சொன்னால் தவறிவிடுவோம். பைன் விதை அங்கே போய்ச் சேரவே இல்லை, அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தின் ஃப்ளோ கன்ட்ரியில் இதை நன்றாகப் பார்க்கலாம். 2024-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்தப் பீட் வெளியில், 1980-களில் வரிச்சலுகையை நம்பி சிட்கா ஸ்புரூஸ், லாட்ஜ்போல் பைன் என்ற ஊசியிலை மரங்களை நட்டார்கள். இப்போது அவற்றை வெட்டி, வாய்க்காலை அடைத்து, நிலத்தை மீட்கிறார்கள். ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் காய்த்து நிற்கும் மரங்கள் விதையை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. வெட்டிய இடத்தில் திரும்பத் திரும்பக் கன்று முளைக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான்: நிலத்தின் வரைபடத்தில் விதை தரும் மரங்களின் இனம், தூரம், காற்று வீசும் திசை மூன்றையும் குறியுங்கள். முடிந்தால் ஆழமற்ற தட்டுகளில் வலை விரித்து விதைப் பொறிகளாக வையுங்கள். வெறும் பீட்டில் ஒன்று, கோரைக் குத்தின் அருகே ஒன்று என ஜோடியாக வைத்தால், கோரை விதையைப் பிடித்து வைக்கிறதா என்ற கேள்விக்கு நேரடி விடை கிடைக்கும்.

படி 3: தரைப்போர்வையை வகை பிரியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ‘செடி மூடியுள்ளது’, ‘செடி இல்லை’ என்று இரண்டாகப் பிரித்தால் எதுவும் தெரியாது. ஒவ்வொரு போர்வையும் கன்றுக்கு வேறு வேறு வேலை செய்கிறது.

வெறும் பீட். விதைக்குப் போட்டியே இல்லை, ஆனால் வாழ்வதற்கு மோசமான இடம். கறுப்புத் தரை வெயிலை உறிஞ்சும். காற்றில்லாத கோடை மதியத்தில் மேல்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஒருமுறை நன்றாகக் காய்ந்த பீட் நீரை ஏற்காது. மழைத்துளி மேலேயே உருண்டு நிற்கும். அதை விடக் கொடியது உறைபனி. இலையுதிர் காலத்திலோ வசந்தத்திலோ ஒரு தெளிந்த இரவுக்குப் பின், விடியற்காலையில் போய்ப் பாருங்கள். ஈரப் பீட்டிலிருந்து கண்ணாடி ஊசிகளைக் கட்டாகக் கட்டி நிறுத்தியது போலப் பனி ஊசிகள் எழுந்திருக்கும். ஒவ்வொரு கட்டின் தலையிலும் ஒரு பீட் துணுக்கு. கன்று அதோடு சேர்ந்து மேலே வந்திருக்கும். வெயில் ஏறியதும் ஊசி உருகும், பீட் கீழே இறங்கும். கன்று மட்டும் பழைய ஆழத்துக்குத் திரும்பாது. அடுத்த இரவு இன்னும் கொஞ்சம். சில வாரத்தில் கன்று, வேர் முழுதும் வெளியே தெரியப் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். நோயில்லை, பூச்சியில்லை, பிடுங்கிப் போட்டது போலவே இருக்கும்.

பாலிட்ரைகம் பாசி. நிமிர்ந்த, சற்று விறைப்பான பாசி. இதன் வேரிழைகள் தளர்ந்த பீட்டை வலை போட்டது போலப் பிடித்து வைக்கும். பனி ஊசிகள் எழுவது இதற்கடியில் வெகுவாகக் குறையும் என்று கியூபெக் வெட்டுநிலச் சோதனைகள் காட்டின. இதைத்தான் ‘செவிலிச் செடி’ என்பார்கள்: தானே முதலில் வந்து மற்றவர்களுக்கு மடி கொடுப்பது. ஆனால் அடர்ந்து தடித்த விரிப்பில் சிறிய விதை பீட்டைத் தொடாமல் நடுவிலேயே தொங்கிக் காய்ந்துவிடும். மெல்லிய விரிப்பு நல்லது, தடித்த விரிப்பு பெரிய விதைக்கு மட்டும் பரவாயில்லை.

ஸ்பேக்னம் பாசி. வாய்க்கால் அடைபட்ட இடங்களிலும் நடு நிலத்தின் பள்ளங்களிலும் எஞ்சியிருக்கும். எப்போதும் ஈரம் என்பதால் விதை முளைப்பதற்கு இதை விட நல்ல படுக்கை கிடையாது. சிக்கல் பிறகு வரும். ஸ்பேக்னம் மேல்நோக்கி வளரும், வருடத்துக்கு ஒன்று இரண்டு சென்டிமீட்டர்கூட. ஈரத்தில் தவிக்கும் பைன் கன்றும் வருடத்துக்கு அவ்வளவுதான் வளர்கிறது என்றால், பாசி அதை மெல்ல மெல்ல விழுங்கிவிடும். ஸ்வீடனின் சதுப்புகளில் இளம் பைன் கன்றுகளின் சாவுக்கு இது ஒரு முக்கியக் காரணம். நீர் வடித்தால் பாசியின் வேகம் குறைந்து கன்றின் வேகம் கூடும். யார் முந்துகிறார்கள் என்பதை நீர்மட்டமே தீர்மானிக்கிறது.

பஞ்சுக்கோரை. எரியோஃபோரம் என்ற இந்தக் கோரையின் வெள்ளைப் பூத்தலை பஞ்சு போல இருப்பதால் இங்கே இந்தப் பெயரிலேயே அழைப்போம். குத்துக் குத்தாக வளரும். வெட்டுநிலத்தில் முதலில் வருபவற்றுள் இதுவும் ஒன்று. நிழல் தரும், காற்றைத் தடுக்கும், விதையைப் பிடிக்கும், இரவுக் குளிரைத் தணிக்கும். ஆனால் குத்தின் உச்சியில் முளைத்த கன்றும் ஓரத்தில் முளைத்த கன்றும் ஒன்றல்ல. உச்சியில் பழைய தாள்களும் வேர்களும் அடர்ந்து கிடப்பதால் கன்றின் வேர் பீட்டை எட்டுவதற்குள் கோடை வந்துவிடும். ஓரத்தில் நிழலும் கிடைக்கும், பீட்டும் கைக்கெட்டும். கன்று குத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். வடக்கு நாடுகளில் குத்தின் வடக்குப் பக்கம்தான் நிழல்.

ஹெதரும் அதன் உறவுகளும். நீர் நன்றாக வடிந்து சில வருடமான பீட்டில் இந்தக் குறுஞ்செடிகள் தழைக்கும். மேலே பார்த்தால் கன்றுக்கு நிழல் தருவது போலத்தான் தெரியும். சண்டை தரைக்கடியில். இவற்றின் வேரில் குடியிருக்கும் தனிவகைப் பூசணம், மக்காத கரிமப் பொருளிலிருந்தே நைட்ரஜனை உருவிக்கொள்ளும். கன்றுக்கு மிச்சம் கிடைப்பதில்லை. பிரிட்டனில் ஹெதர் வெளிகளில் நட்ட சிட்கா ஸ்புரூஸ் வருடக்கணக்கில் மஞ்சளித்து அப்படியே நின்றுவிட்டது. கிழக்குக் கனடாவில் கல்மியா என்ற குறுஞ்செடி கறுப்பு ஸ்புரூஸுக்கு இதே வேலையைச் செய்கிறது. இங்கே கன்று சாவதில்லை, வளர்வதும் இல்லை. உயிரோடு இருக்கும் கன்றுகளை மட்டும் எண்ணினால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

புல். சத்து கொஞ்சம் கூடிய இடத்தில் மொலினியா போன்ற புற்கள் கம்பளமாகப் பரவும். குளிர்காலத்தில் சாய்ந்து கிடக்கும் காய்ந்த தாள்கள் சிறு கன்றை அமுக்கிப் போடும். அந்தத் தாள்களுக்கடியில் வயல் எலிகள் பாதுகாப்பாக ஓடித் திரிந்து கன்றின் பட்டையைக் கடிக்கும். கன்று செத்தது போட்டியாலா எலியாலா என்று அடித்தண்டில் பல்தடம் இருக்கிறதா பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஏற்கெனவே வளர்ந்துவிட்ட மரங்கள். முதலில் வந்த பிர்ச், அடுத்து வருபவற்றுக்கு அண்டை. நீர் வடித்த பீட் இரவில் வெகுவாகக் குளிரும், ஏனென்றால் காய்ந்த மேல்பரப்பு கீழிருக்கும் சூட்டை மேலே விடாது. கோடையில்கூட உறைபனி வந்து ஸ்புரூஸின் இளந்தளிரைக் கருக்கிவிடும். அதனால் பின்லாந்தில் பிர்ச் மரங்களை மேற்கூரையாக விட்டு, அதற்கடியில் ஸ்புரூஸ் கன்றுகளை வளர்த்தெடுப்பது நெடுநாள் வழக்கம். கன்றுகள் பனிக்குத் தப்பும் உயரத்தை எட்டியதும் பிர்ச்சை எடுத்துவிடுவார்கள். வெளிச்சம் வேண்டிய பைனுக்கு இந்தக் கூரை அவ்வளவாக ஒத்துவராது. பெரிய மரம் இன்னொன்றும் தருகிறது: மைகோரைசா எனப்படும் வேர்ப்பூசணம். பைன், பிர்ச், ஸ்புரூஸ் மூன்றின் வேருக்கும் அது துணை. வெட்டியெடுத்த பீட்டில் அது மிக அரிது. பக்கத்தில் அதே உறவு கொண்ட மரம் இருந்தால் கன்றின் வேருக்குப் பூசணம் எளிதாக எட்டும்.

படி 4: சதுரச் சட்டம் போட்டு எண்ணுங்கள்

ஒரு மீட்டர் சதுரச் சட்டம் போதும். வாய்க்காலுக்குக் குறுக்காகக் கயிறு கட்டி, குறிப்பிட்ட இடைவெளியில் சட்டத்தை வையுங்கள். கன்று தெரியும் இடமாகத் தேடி வைத்தால் மொத்த வேலையும் கெட்டுவிடும். கன்றே இல்லாத சட்டமும் ஒரு தகவல்தான். சொல்லப்போனால் அதுதான் பாதி தகவல்.

சட்டத்துக்குள் ஒவ்வொரு போர்வையும் எத்தனை சதவீதம் என்று மதிப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு கன்றுக்கும் தனித்தனியாக: இனம், உயரம், அடித்தண்டின் தடிமன், இந்த வருடம் விட்ட தளிரின் நீளம், நிற்கும் இடத்தின் மேடுபள்ளம், மிக அருகில் உள்ள செடி எது, அதன் உயரமும் தூரமும். பெரிய அண்டைகள் பல இருந்தால், ஒவ்வொன்றின் அளவையும் தூரத்தால் வகுத்துக் கூட்டினால் நெருக்கடிக்கு ஒரு எண் கிடைக்கும். பெரிதாக, கிட்டத்தில் இருப்பது அதிகம் அழுத்தும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

வருடத்துக்கு இரண்டு முறை போங்கள்: பனி உருகியவுடன் ஒருமுறை, கோடை முடிவில் ஒருமுறை. பனி பிடுங்கிய கன்றை வசந்தத்தில்தான் காண முடியும். வறட்சியில் செத்ததைக் கோடை முடிவில். ஒரே முறை போனால் இரண்டும் ஒரே கணக்கில் கலந்துவிடும். சிறு கன்றின் அருகே வண்ணக் கம்பி ஒன்றைச் செருகி எண் கொடுத்துவிடுங்கள். கம்பியையும் பனி தூக்கும் என்பதால் நீளமான கம்பியாக ஆழமாக இறக்குங்கள்.

படி 5: வயதைச் சரியாகக் கண்டுபிடியுங்கள்

இருபது சென்டிமீட்டர் உயரக் கன்று இரண்டு வயதாகவும் இருக்கலாம், இருபது வயதாகவும் இருக்கலாம். வாய்க்கால் வெட்டுவதற்கு முன்பே முளைத்து, ஒடுங்கிப்போய்க் காத்திருந்து, நீர் வடிந்ததும் கிளம்பிய கன்றுகளும் உண்டு. அவற்றைப் புதிதாக வந்தவற்றோடு சேர்த்தால் ‘அண்டைச் செடி வளர்ச்சிக்கு உதவியது’ என்று பொய்க்கணக்கு வரும்.

இளம் பைனில் கிளை வட்டங்களை மேலிருந்து கீழாக எண்ணினால் ஓரளவு வயது தெரியும், பொதுவாக வருடத்துக்கு ஒரு வட்டம். பிர்ச்சில் மொட்டுச் செதில் உதிர்ந்த தழும்புகளை எண்ணலாம். உறுதியாக வேண்டுமென்றால் சில கன்றுகளைத் தோண்டி வெட்டித்தான் ஆக வேண்டும். பாசி மேலேறி மூடியிருப்பதால், நீங்கள் தரை என்று நினைக்கும் இடம் தண்டின் நடுப்பகுதியாக இருக்கலாம். பாசியை விரலால் விலக்கிக்கொண்டே கீழே போங்கள். தண்டு வேராக மாறும் கழுத்தைக் கண்டுபிடித்து அங்கே வெட்டி வளையம் எண்ணுங்கள். தரைமட்டத்தில் வெட்டினால் பல வருடங்கள் காணாமல் போகும். வளையங்கள் முடியிழை போல மெல்லியவை. கூர்மையான கத்தியும் நல்ல உருப்பெருக்கியும் இல்லாமல் உட்காராதீர்கள்.

படி 6: அகற்றிப் பாருங்கள்

இதுவரை செய்தது எல்லாம் வேடிக்கை பார்த்ததுதான். கோரை அருகே கன்று அதிகம் என்பதால் கோரைதான் காரணம் என்று ஆகாது. மேடு காரணமாக இருக்கலாம். அதைச் சோதிக்காமல் விடுவதுதான் இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கும் சறுக்கல்.

ஒரே அளவு விதையை, அல்லது ஒரே வயதுக் கன்றுகளை, நான்கு வகை இடங்களில் போடுங்கள். அண்டைச் செடி அப்படியே இருக்கும் இடம் ஒன்று. அண்டைச் செடியின் தண்டு இலைகளைத் தரையோடு வெட்டித் தொடர்ந்து வெட்டியே வைத்திருக்கும் இடம் இரண்டாவது. இங்கே நிழல் போய்விடும், வேர் கொஞ்ச காலம் இருக்கும். கன்றைச் சுற்றிப் பிளாஸ்டிக் உருளை ஒன்றைப் பீட்டுக்குள் இறக்கி அண்டையின் வேரை மட்டும் தடுத்து, நிழலை விட்டு வைத்த இடம் மூன்றாவது. நான்காவதில் செடியே இல்லாமல் நிழல்வலை மட்டும். ஒவ்வொன்றையும் மேட்டிலும் பள்ளத்திலும், வாய்க்கால் ஓரத்திலும் நடுவிலும் திரும்பச் செய்யுங்கள்.

செடியை வேரோடு பிடுங்கி அகற்றாதீர்கள். பிடுங்கினால் பீட் கிளறுபடும், கிளறிய பீட்டில் பனி ஊசி இன்னும் மோசமாக எழும். அப்போது அண்டை இல்லாததால் செத்ததா, நீங்கள் கிளறியதால் செத்ததா என்று தெரியாது. மான், முயல் மேய்ச்சல் உள்ள இடமென்றால் பாதிக் கன்றுகளுக்குக் கம்பிக்கூண்டு போடுங்கள்; இல்லாவிட்டால் புல் மறைத்துக் காப்பாற்றியதையும் புல் நிழல் தந்து காப்பாற்றியதையும் பிரிக்க முடியாது.

குறைந்தது மூன்று வருடம் ஓட்டுங்கள். ஒரு வருடச் சோதனை முளைப்பைப் பற்றி மட்டும்தான் சொல்லும்.

படி 7: கணக்குப் பார்ப்பது

இதற்கு எனக்குப் பிடித்த கருவி சார்பு ஊடாட்டக் குறியீடு. 2004-இல் முன்வைக்கப்பட்டது, கைக்கணக்கிலேயே போடலாம். அண்டை உள்ள இடத்து மதிப்பிலிருந்து அண்டை இல்லாத இடத்து மதிப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். விடை −1 முதல் +1 வரை வரும். கூட்டல் என்றால் அண்டை உதவுகிறது, கழித்தல் என்றால் கெடுக்கிறது.

கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. பஞ்சுக்கோரை ஓரத்தில் போட்ட 40 விதையில் 12 கன்று பிழைத்தது. கோரை இல்லாத இடத்தில் 40-இல் 4. பன்னிரண்டிலிருந்து நாலு போக எட்டு, அதைப் பதினாறால் வகுத்தால் +0.5. கோரை நன்றாகவே உதவுகிறது. இப்போது பிழைத்த கன்றுகளின் மூன்றாம் வருடத் தளிரை அளக்கிறோம். கோரை ஓரத்தில் சராசரி 6 சென்டிமீட்டர், வெற்றிடத்தில் 14. ஆறிலிருந்து பதினாலு போனால் −8, அதை இருபதால் வகுத்தால் −0.4. அதே கோரை, அதே நிலம், விடை தலைகீழ்.

இதில் முரண்பாடு எதுவும் இல்லை. முளைக்கும் வருடத்தில் கன்றைக் கொல்வது வெயிலும் பனியும். அவற்றைக் கோரை தடுக்கிறது. அந்த ஆபத்தைத் தாண்டிய கன்றுக்கு வேண்டியது பாஸ்பரஸும் வெளிச்சமும். அவற்றைக் கோரை பங்கு கேட்கிறது. அதனால் ‘இந்தச் செடி நல்லதா கெட்டதா’ என்று யாராவது கேட்டால், எந்த வயதுக் கன்றுக்கு, எந்த நீர்மட்டத்தில் என்று திருப்பிக் கேளுங்கள். பிழைப்பையும் வளர்ச்சியையும் ஒரே எண்ணாகக் கூட்டி அறிக்கை எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

சூழல் கடுமையாக ஆக ஆகச் செடிகளுக்கிடையே போட்டி குறைந்து உதவி கூடும் என்று சூழலியலாளர்கள் மார்க் பெர்ட்னஸும் ரேகன் கால்வேயும் 1994-இல் சொன்னார்கள். பீட்டில் அது பெரும்பாலும் பொருந்துகிறது: வெறும் வெட்டுநிலத்தில் உதவி, காடு வளர்ப்புக்காக நீர் வடித்துச் செடி மூடிய நிலத்தில் போட்டி. ஆனால் பீட்டில் கடுமை என்பது ஒரே திசையில் போவதில்லை. ஒரு பக்கம் மூழ்கல், மறுபக்கம் வறட்சி, நடுவில் சத்துப் பஞ்சம். ஒரு அண்டை முதல் இரண்டில் உதவலாம், மூன்றாவதில் கெடுக்கலாம்.

படி 8: வெப்பமண்டலப் பீட் என்றால்

மேலே சொன்னதில் பனியை எடுத்துவிட்டு நெருப்பையும் வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவின் மத்திய காலிமந்தானில் 1990-களின் நடுவில் நெல் விளைவிப்பதற்காக ஏறத்தாழ பத்து லட்சம் ஹெக்டேர் பரப்பில் 4000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை, காய்ந்த பீட் 1997-இல் பற்றியெரிந்தது. எரிந்த இடத்தை ஃபெர்ன்களும் கோரைகளும் மூடிக்கொண்டன.

அங்கே முதல் தடை விதை. சதுப்புக் காட்டு மரங்களில் பலவற்றின் விதையைப் பறவையும் வௌவாலும் சுமக்கின்றன. மரமே இல்லாத வெளிக்கு அவை வருவதில்லை. சிறகுள்ள காயைக் காற்றில் அனுப்பும் கோம்ப்ரெட்டோகார்பஸ் என்ற மரம் மட்டும் முன்னோடியாக வந்து நிற்கிறது, எரிந்த அடியிலிருந்து துளிர்க்கவும் செய்கிறது. அதனால் தனியாக நிற்கும் ஒவ்வொரு மரத்தையும் பறவை உட்காரும் இடமாகக் கணக்கில் எடுத்து, அதன் கீழே தனியாகச் சட்டம் போடுங்கள்.

இரண்டாவது, ஃபெர்ன். அடர்ந்த ஃபெர்ன் கன்றின் வெளிச்சத்தைப் பறிக்கும். காய்ந்த காலத்தில் அதுவே எரிபொருள். முழுதாக வெட்டினாலோ கன்று கடும் வெயிலில் நிற்கும். கன்றைச் சுற்றி மட்டும் விலக்கிவிட்டு மீதியை விட்டுவைப்பது நியாயமான நடுவழி. மூன்றாவது, மேடு. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நீர் நிற்கும் இடத்தில், பழைய மரங்களின் அடிமேடுகளில் முளைத்தவைதான் தலையை வெளியே வைத்திருக்கும். எரியும்போது அந்த மேடுகளும் எரிந்துபோவதால், நடுபவர்கள் பீட்டைக் குவித்து மேடு கட்டியே நடுகிறார்கள்.

படி 9: தெரிந்ததை வைத்து என்ன செய்வது

நிலத்தைத் திரும்பச் சதுப்பாக்க வேண்டும் என்றால், மரக்கன்று உங்களுக்கு எதிராளி. பிர்ச் அடர்ந்தால் மழைநீரின் ஒரு பங்கை இலையிலேயே பிடித்துக்கொள்ளும், வேர் வழியே நீரை இறைத்து வெளியே விடும், நிழலாலும் சருகாலும் ஸ்பேக்னத்தைக் கெடுக்கும். நீர்மட்டம் இறங்க இறங்க இன்னும் பிர்ச் வரும். இந்தச் சுழலை உடைக்க வாய்க்காலை அடைப்பதுதான் முதல் வேலை, கன்று பிடுங்குவது இரண்டாவது. அடைக்காமல் வெட்டினால் பிர்ச் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும், விதையும் வந்துகொண்டே இருக்கும். வெறும் பீட்டை அப்படியே விடாதீர்கள். கனடாவில் செய்வது போல ஸ்பேக்னம் துணுக்குகளைத் தூவி வைக்கோலால் மூடினால், பாசிக்கும் நல்லது, பிர்ச் விதைக்கு வேண்டிய திறந்த தரையும் குறையும். பாலிட்ரைகத்தை இங்கே எச்சரிக்கையோடு வரவேற்க வேண்டும்: அது ஸ்பேக்னத்துக்கு மடி கொடுக்கும், அதே மடியில் பிர்ச்சும் உட்காரும். நீர்மட்டம் தரையை ஒட்டி நின்றால் உட்கார்ந்த பிர்ச் தேறாது.

காடு வேண்டும் என்றால் வரிசை மாறும். வெற்றுப் பீட்டில் முதலில் போர்வை வர விடுங்கள். மெல்லிய பாசியும் சிதறிய கோரையும் வந்தபின் விதைப்பது அல்லது நடுவது, வெற்றுத் தரையில் நட்டுவிட்டு வருடாவருடம் செத்ததை எண்ணுவதை விட மேல். கன்று அண்டையின் உயரத்தைத் தாண்டும் வரை கை வைக்காதீர்கள். தாண்டியபின் தளிர் நீளம் இரண்டு வருடம் தொடர்ந்து குறைந்தால், இலை மஞ்சளித்தால், கன்றைச் சுற்றி ஒரு அடிக்கு ஹெதரையும் புல்லையும் வெட்டிவிடுங்கள். வெட்டியும் மஞ்சள் மாறாவிட்டால் அது அண்டையின் குற்றமல்ல, பாஸ்பரஸ் பொட்டாசியப் பஞ்சமாக இருக்கலாம். இலையைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

இரண்டில் எதுவானாலும் கம்பி செருகிய சட்டங்களில் சிலவற்றை எதுவும் செய்யாமல் அப்படியே விட்டுவையுங்கள். அடைத்த வாய்க்கால் வேலை செய்கிறதா, வெட்டிய ஹெதரால் பலன் உண்டா என்று அடுத்த வசந்தத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.